சினூக் ஹெலிகாப்டரை லெகோவில் கட்டுகிறேன்: இரண்டு ரோட்டாரும் உண்மையாகவே பிணைந்து சுற்ற வேண்டுமா?

தும்பி (பேசிங்ஸ்டோக்)

எல்லாருக்கும் வணக்கம். பிரிட்டிஷ் விமானப்படையின் "பிராவோ நவம்பர்" சினூக்கை மினிஃபிக் (லெகோவின் குட்டி மனிதப் பொம்மை) அளவுக்குக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். எந்த செட்டையும் மாற்றிக் கட்டுவதில்லை, முழுக்கச் சொந்த வடிவமைப்பு. ஸ்டூடியோ மென்பொருளில் பாதி உடலை வரைந்தாகிவிட்டது. பாகங்களுக்குக் காசு போடும் முன் உங்களிடம் சில விஷயங்களைப் பேசிவிட வேண்டும்.

ஏன் இந்த ஹெலிகாப்டர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போருக்காக அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் சினூக்குகளை ஏற்றி அனுப்பினார்கள். மே 25 அன்று எக்ஸோசெட் ஏவுகணை பட்டுக் கப்பல் எரிந்தது. மூன்று சினூக்குகள் அதோடு போயின. அந்த நேரத்தில் வானத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பி, ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போய் இறங்கியது. அதன் பதிவெண் இசட்.ஏ.718, குறியெழுத்து பி.என்., வானொலியில் பி-யை பிராவோ, என்-ஐ நவம்பர் என்று சொல்வார்கள், அதனால்தான் பிராவோ நவம்பர். உதிரிபாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் கப்பலோடு எரிந்துவிட்ட நிலையில், போர் முடியும் வரை அது ஓயாமல் பறந்தது. ஒரே பயணத்தில் 81 வீரர்களைத் திணித்து ஏற்றிப் போயிருக்கிறது. பிறகு இராக், ஆப்கானிஸ்தான் என்று வேலை செய்து, 2022இல் ஓய்வுபெற்று, இப்போது காஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் சினூக்குகள் இருக்கும் ஓடியம் விமானப்படைத் தளம். சினூக் வருகிறது என்றால் கண்ணில் படுவதற்கு முன்பே சன்னல் கண்ணாடி சொல்லிவிடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த ஆசை இது.

இப்போது அளவுகள். 1:40 என்று வைத்துக்கொண்டேன். ஒரு ரோட்டாரின் விட்டம் 18.29 மீட்டர், அதாவது மாதிரியில் 45.7 செ.மீ., கிட்டத்தட்ட 57 ஸ்டட் (லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ.). உடல் 15.5 மீட்டர், 48 ஸ்டட். இரண்டு ரோட்டார் மையங்களுக்கும் இடையே சுமார் 12 மீட்டர். அதை 37 ஸ்டட்டாக எடுத்திருக்கிறேன்.

இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பிளேடும் (ரோட்டாரின் இறக்கை) 28 ஸ்டட் நீளம், மையங்களின் தூரமோ 37 தான். அதாவது இரண்டு வட்டங்களும் 20 ஸ்டட் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. நிஜ சினூக்கிலும் அப்படித்தான். முன் ரோட்டாரையும் பின் ரோட்டாரையும் ஒரே தண்டு இணைப்பதால் ஒன்றின் பிளேடுகள் மற்றதன் இடைவெளியில் புகுந்து வருகின்றன. என்னைப் பொறுத்தவரை சினூக் என்றால் அந்தத் தண்டுதான். அதை முதலில் கட்டிவிட்டு, உடலை அதைச் சுற்றி எழுப்ப நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

நீலாம்பல் (டொராண்டோ)

தம்பி, முயற்சிக்கு முதலில் வாழ்த்து. ஆனால் வரிசையில் எனக்கு ஒப்புதல் இல்லை.

நான் பல வருஷமாகக் காட்சிக்கு வைக்கும் மாதிரிகள் கட்டுகிறவள். கண்காட்சி மேசையில் ஆறடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு முதலில் படுவது வடிவம். சினூக்கின் மூக்கு எவ்வளவு கடினம் தெரியுமா? மூன்று பெரிய முன்கண்ணாடிகள், அதற்குக் கீழே தாடையில் இன்னும் கண்ணாடிகள், எல்லாமே வளைவு. அதற்குப் பிறகு பக்கவாட்டில் நீளமாக ஓடும் எரிபொருள் தொட்டிகள். உடலின் பக்கங்கள் தட்டை, மூலைகள் மட்டும் உருண்டை. இதையெல்லாம் சரியாகப் பிடிக்காமல் உள்ளே கியர் வைத்தால், நன்றாகச் சுற்றும் ஒரு பச்சைப் பெட்டிதான் கிடைக்கும்.

இன்னொன்று. பின் ரோட்டார் முன் ரோட்டாரைவிட உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் பிணைக்காமல் தனித்தனியாகச் சுற்றவிட்டாலும் பிளேடுகள் முட்டாதே? தண்டை விட்டுவிட்டால் உள்ளே முழுக் கூடமும் உனக்குக் கிடைக்கும். எதிரெதிர் இருக்கை, வீரர்கள், பின்னால் இறங்கும் சாய்தளம் எல்லாம் வைக்கலாம். 81 பேர் கதை சொல்கிறாய், அந்த உட்புறம் தெரிய வேண்டாமா?

---

பல்சக்கரம் (கோயம்புத்தூர்)

கியர் வெட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீலாம்பல் அக்கா கேட்ட உயரக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சினூக்கின் ரோட்டார் அச்சுகள் இரண்டும் நேர்செங்குத்தாக நிற்பவை அல்ல, இரண்டுமே முன்னோக்கிச் சாய்ந்தவை. முன்னது சுமார் 9 பாகை, பின்னது சுமார் 4 பாகை. முன் ரோட்டார் முன்னோக்கிச் சாய்ந்தால் அதன் பின்பக்க நுனி மேலே ஏறும். பின் ரோட்டார் சாய்ந்தால் அதன் முன்பக்க நுனி கீழே இறங்கும். ஆக, உயர வித்தியாசம் தரும் இடைவெளி, இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே சுருங்கிவிடுகிறது. பறக்கும்போது பிளேடு மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தால், உயரத்தை நம்பி விட முடியாது. பிணைப்பு ஒன்றுதான் பாதுகாப்பு.

அது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 1986 நவம்பர் 6, ஷெட்லாந்து தீவுகளில் சம்பரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சினூக்கின் பயணிகள் வகையான போயிங் 234 ஒன்று எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களோடு கடலில் விழுந்தது. முன் கியர்பெட்டியில் இருந்த, சுழற்சியின் திசையைத் திருப்பும் பெவல் வளைய கியர் உடைந்து, ரோட்டார்கள் ஒத்திசைவு இழந்து, பிளேடுகள் ஒன்றோடொன்று மோதின. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய விபத்து அது.

அதனால் என் ஓட்டு தும்பிக்கு. தண்டு இல்லாத சினூக்கைக் கட்ட வேண்டாம்.

இயந்திரப் பகுதிக்கு வருகிறேன். நிஜத்தில் இரண்டு எஞ்சினும் பின் கோபுரத்தின் இரு பக்கமும் தொங்குகின்றன. இரண்டின் சக்தியும் ஒரு கூட்டுக் கியர்பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து கூரைமேல் ஒரு நீண்ட தண்டு முன்னுக்குப் போகிறது. பின்பக்கம் போகும் சக்தி பின் கியர்பெட்டியில் திரும்பி, செங்குத்துத் தண்டு வழியாகக் கோபுர உச்சிக்கு ஏறுகிறது. லெகோவிலும் அப்படியே செய்யலாம். கூரையில் 32 ஸ்டட் நீள ஆக்சில் (சுழலும் தண்டு) ஒன்று, தேவைப்பட்டால் இணைப்பான் போட்டு ஒரு சின்ன ஆக்சில். இரு முனையிலும் 12 பல் பெவல் கியர். அவற்றோடு கோக்க, மாஸ்டுகளின் (ரோட்டாரைத் தாங்கிச் சுழற்றும் நிமிர்ந்த தண்டு) அடியில் 20 பல் பெவல்.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. இரண்டு முனைகளையும் கண்ணாடிப் பிம்பம் போல, அதாவது முன் மாஸ்ட் தண்டுக்கு முன்னாலும் பின் மாஸ்ட் தண்டுக்குப் பின்னாலும் இருக்கும்படி வைத்தால், ரோட்டார்கள் தாமாகவே எதிரெதிர்த் திசையில் சுற்றும். நிஜ சினூக்குக்கும் வால் ரோட்டார் தேவைப்படாதது எதிரெதிர்ச் சுற்றால்தான். ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுகட்டிவிடுகிறது.

---

புதுக்கட்டை (மதுரை)

நான் இதில் புதியவன், தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிளேடு ரோட்டாரில் பிளேடுகளுக்கு இடையே 120 பாகை. அப்படியானால் ஒன்றின் பிளேடு மற்றதன் நடு இடைவெளியில் வர 60 பாகை தள்ளி வைக்க வேண்டும். 20 பல் கியரில் ஒரு பல் என்பது 18 பாகை. மூன்று பல் தள்ளினால் 54, நான்கு தள்ளினால் 72. 60 வரவே வராதே?

---

பல்சக்கரம்

தம்பி, இந்த இழையின் மிக நல்ல கேள்வி இது.

60ஐத் தேடாதே, 180ஐத் தேடு. மூன்று பிளேடு ரோட்டாரை அரைச்சுற்று திருப்பினால் பிளேடு இருந்த இடத்தில் இடைவெளியும், இடைவெளி இருந்த இடத்தில் பிளேடும் வரும். 180இலிருந்து 120ஐக் கழித்தால் 60. இருபது பல்லில் பத்துப் பல் சரியாக 180. கணக்கு முடிந்தது. 12 பல் கியரை மாஸ்டில் போட்டாலும் ஒரு பல்லுக்கு 30 பாகை, இரண்டு பல் தள்ளினால் நேராக 60 வரும்.

கோக்கும்போது பாகை எதுவும் அளக்க வேண்டாம். முன் ரோட்டாரில் ஒரு பிளேடு வாலை நோக்கி இருக்கட்டும். பின் ரோட்டாரிலும் ஒரு பிளேடு வாலை நோக்கி இருக்கட்டும். அந்த நிலையில் கியர்ப் பற்களைக் கோத்துவிடு. முன் ரோட்டாரின் பிளேடு பின்னால் நீளும் இடத்தில், பின் ரோட்டாரின் இடைவெளி வாய் திறந்து நிற்கும்.

---

தும்பி

அருமை அண்ணா. "இரண்டிலும் ஒரு பிளேடு வாலைப் பார்க்க வேண்டும்" என்று எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிட்டேன்.

சாய்வைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும். மாஸ்டை 9 பாகை சாய்த்தால் பெவல் கியர்கள் செங்கோணத்தில் சந்திக்காதே? பல் வழுக்கும். நடுவில் யூ-ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வைக்கலாம் என்றால் அது 3 ஸ்டட் நீளம். முன் கோபுரம் குட்டையானது, அதில் செங்குத்தாக அவ்வளவு இடம் கிடையாது.

அக்கா, உட்புறம் பற்றி நீங்கள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. தண்டு கூரைக்கு மேல்தான் போகிறது. நிஜ சினூக்கின் முதுகில் நீளமாக ஒரு மேடு தெரியுமே, அது இந்தத் தண்டுக்கான மூடிதான். அதே மேட்டுக்குள் என் ஆக்சிலும் போகும். கூடத்தில் ஒரு ஸ்டட் இடமும் அது தின்னாது.

---

பல்சக்கரம்

யூ-ஜாயின்ட்டை மாஸ்டில் நிறுத்தாதே, தண்டில் படுக்க வை. கூரை மேட்டில் நீளத்துக்குப் பஞ்சமில்லை. தண்டின் கடைசியில் யூ-ஜாயின்ட், அதற்கு முன்னால் கியர்பெட்டி. அந்தப் பெட்டியை மொத்தமாகச் சாய்த்துவிடு. பெட்டிக்குள் பெவல்கள் செங்கோணத்திலேயே இருக்கும்.

சாய்ப்பதற்கும் லெகோவிலேயே வழி உண்டு. ஒரு பிளேட்டின் (மெல்லிய தட்டைக் கட்டை, ரோட்டார் பிளேடு அல்ல) கனம் 3.2 மி.மீ., ஒரு ஸ்டட் 8 மி.மீ. ஐந்து ஸ்டட் நீளமுள்ள சட்டத்தின் பின்முனையின் கீழ் இரண்டு பிளேட் வைத்து உயர்த்து. 40 மி.மீ.க்கு 6.4 மி.மீ. ஏற்றம், அது 9 பாகைக்கு மிக நெருக்கம். பின் மாஸ்டுக்கு ஆறு ஸ்டட்டில் ஒரு பிளேட் போதும், கிட்டத்தட்ட 4 பாகை. முன்முனை டெக்னிக் (லெகோவின் இயந்திரப் பாக வரிசை) பின்னில், அதாவது இணைப்பு ஆணியில், சுழலட்டும், பின்முனையை ஸ்டட்டில் இறுக்காமல் மேலே உட்கார மட்டும் வை.

தண்டைத் தாங்க எட்டு ஸ்டட்டுக்கு ஒரு டெக்னிக் பிரிக் போதும். அதற்கு மேல் வைத்தால் உராய்வு கூடி, விரலால் தள்ளினால் சுற்றாது. 32 நீள ஆக்சில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், கியர்களிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இரு பக்கமும் 60 பாகை இடைவெளி இருப்பதால் சில பாகை விலகல் ஒன்றும் செய்யாது.

---

வேம்பு (சென்னை)

இயந்திரப் பேச்சுக்கு நடுவில் வேறு ஒரு கேள்வி. என் மகனுக்கு ஏழு வயது, லெகோ என்றால் உயிர். போர் ஹெலிகாப்டர் கட்டித் தரச் சொல்கிறான். லெகோ நிறுவனமே நவீன ராணுவ வாகனங்களைப் பொம்மையாக விற்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறது. 2020இல் ஆஸ்ப்ரே என்ற, ரோட்டார்கள் சாயும் விமானத்தின் செட்டை, எண் 42113, கடைக்கு வரும் நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அது மீட்புப் பணி வடிவில்தான் இருந்தது. ஆனாலும் நிஜ ஆஸ்ப்ரேயை ராணுவம் மட்டுமே பயன்படுத்துகிறது என்று ஜெர்மனியின் ஓர் அமைதி அமைப்பு எதிர்த்தது, நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. அவர்களே ஒதுங்கும் விஷயத்தை நாம் வீட்டில் கட்டுவது சரியா? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே யோசிக்கிறேன்.

---

நீலாம்பல்

வேம்பு, இதை நானும் என் பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். லெகோவின் கோட்டைகளில் வாளும் பீரங்கியும் உண்டு. முதல் உலகப்போரின் சாப்வித் கேமல் விமானத்தை 2012இல் அவர்களே செட்டாக விட்டார்கள். இன்று நடக்கும் போர்களை நினைவூட்டும் கருவிகள் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கோடு. குழந்தைகளுக்கு விற்கும் நிறுவனம் அப்படி ஒரு கோடு போட்டுக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆஸ்ப்ரேயை நிறுத்தியதும் சரியே என்று நினைக்கிறேன்.

பெரியவர்கள் ஒரு வரலாற்றுப் பொருளை ஆராய்ந்து கட்டுவது வேறு. ஆனால் அதற்கும் ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பொருள் எங்கே போனது, யாரை ஏற்றியது, யார் இறந்தார்கள் என்று தெரியாமல் ஏவுகணையை மட்டும் அழகாகக் கட்டி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

---

தும்பி

வேம்பு அண்ணா, எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. சினூக்கைத் தேர்ந்தெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. இது ஆளையும் சரக்கையும் தூக்கும் வண்டி. பிராவோ நவம்பர் அந்தப் போரில் காயமடைந்தவர்களையும் கைதிகளையும் சுமந்தது. இந்திய விமானப்படையும் 15 சினூக் வாங்கி, 2019 மார்ச்சில் சண்டிகரில் பணியில் சேர்த்தது. மலைப்பகுதிக்குப் பாரம் தூக்குவதுதான் அங்கும் அதன் முக்கிய வேலை. அதற்காக இது போர்க்கருவி இல்லை என்று நான் சொல்லவில்லை. மாதிரியில் துப்பாக்கி வைக்கப்போவதில்லை. பக்கத்தில் ஒரு சிறு பலகை வைப்பேன். அட்லாண்டிக் கன்வேயரில் இறந்த 12 பேரையும் அதில் குறிப்பிடுவேன்.

உங்கள் மகனுக்கு என்றால் டெக்னிக் மீட்பு ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. 2022இல் வந்த ஏர்பஸ் ஹெச்175, எண் 42145, இயந்திர அமைப்பில் மிக நல்ல செட். ஆனால் 2001 பாகங்கள், ஏழு வயதுக்குக் கூடுதல். நீங்கள் கூட உட்கார்ந்தால் ரசிப்பான்.

---

வேம்பு

நன்றி தும்பி, நீலாம்பல். கூட உட்கார்ந்து கட்டுவது எனக்கும் பிடித்த யோசனை. வாங்கும் முன் அவனிடம் பேசிப் பார்க்கிறேன்.

---

கட்டைப்பெட்டி (சிங்கப்பூர்)

பாகங்கள் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நிறம்தான் இந்த மாதிரியின் தலைவலி.

1982இல் சினூக் கரும்பச்சையும் சாம்பலும் கலந்த திட்டு வண்ணத்தில் இருந்தது. பிற்காலப் படங்களில் தெரியும் ஒரே பச்சை அல்ல. தும்பி, ஃபாக்லாந்து காலத்துப் பிராவோ நவம்பர் என்றால் திட்டுகளோடுதான் கட்ட வேண்டும். லெகோவில் அதற்குக் கரும்பச்சையும் நீலம் கலந்த அடர் சாம்பலும் பொருந்தும். அடர் சாம்பலில் பெரும்பாலான வடிவங்கள் கிடைக்கும். கரும்பச்சையில் வளைந்த சரிவுப் பாகங்கள் சிலவற்றுக்கு விலை ஏறும். ஆகவே உருண்டை மூலைகளில் முடிந்த மட்டும் சாம்பல் திட்டு வரும்படி வடிவத்தை ஓட்டிக்கொள்ளுங்கள். நிஜ வண்ணக்கோடு ஓரிரு ஸ்டட் நகர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சாம்பல் வாங்கும்போது கவனம். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையது சற்றே மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். ஒரு விற்பனையாளர் எனக்கு இரண்டையும் கலந்து அனுப்பிவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை, கட்டி முடித்து வெயிலில் வைத்ததும் பக்கவாட்டில் வரிவரியாகத் தெரிந்தது. பிரிக்லிங்க் என்ற லெகோ பாக விற்பனைத் தளத்தில் நிறப்பெயரைப் படித்து வாங்குங்கள், பழைய இருப்பு என்று எழுதியிருந்தால் படம் கேளுங்கள்.

---

புதுக்கட்டை

இந்தியாவில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுக் கடைகளிலிருந்து வாங்குவது கட்டுப்படியாகுமா?

---

பல்சக்கரம்

கஷ்டம்தான். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20இலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்குத் தரச் சான்றும் கட்டாயம். நான் செய்வது இது: உள்ளூரில் தள்ளுபடியில் வரும் செட்டுகளைப் பாகங்களுக்காகவே வாங்கிப் பிரிப்பேன். டெக்னிக் செட் ஒன்றிரண்டு பிரித்தால் கியரும் ஆக்சிலும் வருஷக்கணக்கில் போதும். வெளியே தெரியாத உட்பகுதிக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன, கையில் இருப்பதைப் போடு.

லெகோவோடு பொருந்தும் வேறு நிறுவனக் கட்டைகளும் உண்டு. போலந்தின் கோபி ராணுவ மாதிரிகளுக்கென்றே பெயர் பெற்றது. கலந்து கட்டுவதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். எனக்கு அதில் தயக்கம் இல்லை. கியர், ஆக்சில் மட்டும் லெகோவாக இருக்கட்டும். மலிவான ஆக்சில் முறுக்கிக்கொள்ளும்.

---

நீலாம்பல்

சரி தம்பி, தண்டு கூரை மேட்டுக்குள்ளேயே அடங்குகிறது என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்கு வருகிறேன், வடிவம்.

உடலின் பக்கச் சுவர்களை மேலே மேலே அடுக்காதே. பிளேட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டு. ஐந்து பிளேட் கனம் இரண்டு ஸ்டட் அகலத்துக்குச் சமம் என்பதால், திருப்பிய சுவரும் நேர்ச்சுவரும் இடைவெளி இல்லாமல் சேரும். வெளிப்பக்கம் வழுவழு டைல் வரும். வண்ணத் திட்டுகளை ஸ்டட் ஸ்டட்டாக வளைத்துக்கொள்ளவும் அதுதான் வசதி. அடுக்கிக் கட்டினால் திட்டின் ஓரம் படிக்கட்டு மாதிரி வந்துவிடும்.

நிஜக் கூடத்தின் உள் அகலம் 2.29 மீட்டர், உன் அளவில் 7 ஸ்டட். மினிஃபிக் மனித அகலத்தைவிடப் பருமன். இரு வரிசை இருக்கை போட்டால் நடுவில் கால் வைக்க இடமிருக்காது. உட்புறத்தை 8 ஆக்கிவிடு, தொட்டிகளோடு சேர்த்து மொத்த அகலம் 12 வரட்டும். தொட்டிகளோடு நிஜ அகலம் 3.78 மீட்டர், கணக்குப் பார்த்தேன், 12 ஸ்டட் ஏறக்குறையச் சரியாக வருகிறது.

மூக்குக்கு ஒரே பெரிய கண்ணாடிப் பாகம் தேடி அலையாதே. கறுப்புச் சட்டத்துக்கு நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடி டைல்களைக் கீல் பாகத்தில் சாய்த்து வை. நிஜத்திலும் கண்ணாடிகளுக்கு நடுவே பட்டையான சட்டங்கள் இருக்கின்றன, அவைதான் அந்த முகத்துக்கு உருக்கொடுக்கின்றன. காஸ்ஃபோர்டில் நேரில் பார்க்க முடிகிறவன் நீ. மூக்கை நேர் எதிரிலிருந்தும், 45 பாகையிலிருந்தும், தரையில் உட்கார்ந்தும் படம் எடுத்து வா. இணையத்துப் படங்களில் தாடைக் கண்ணாடியின் கோணம் தெரியவே தெரியாது.

சக்கரம் மறந்துவிடாதே. முன்கால்களில் இரட்டைச் சக்கரம், பின்கால்களில் ஒற்றை.

---

தும்பி

அக்கா, இது எனக்குப் பெரிய உதவி. அடுத்த வார இறுதியில் காஸ்ஃபோர்டு போகிறேன். அனுமதி இலவசம் என்பதால் நாள் முழுக்க நிற்கலாம். எஞ்சின் உறைகளையும் அளந்து பார்க்க வேண்டும். 2×2 உருளை மெலிவாகவும் 4×4 தடிமனாகவும் தெரிகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் வட்டப் பாகங்களை அடுக்கலாம் என்று தோன்றுகிறது.

மோட்டார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கூரையின் நடுவில் வைத்தால் அக்கா ஆசைப்பட்ட கூடம் போய்விடும். முன் ரோட்டாரை விரலால் தள்ளினால் பின்னது எதிர்த்திசையில் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

மிச்சம் இருப்பது பிளேடு. நிஜ பிளேடின் அகலம் சுமார் 80 செ.மீ., அது 2.5 ஸ்டட். 2 ஸ்டட்டாக எடுத்தால் நீளம் 24, ஹப்போடு (பிளேடுகள் சேரும் நடுப்பகுதி) சேர்த்து 28. இவ்வளவு நீளத்தைப் பிளேட்டுகளால் கட்டினால் தொங்கிவிடாதா?

---

கட்டைப்பெட்டி

தொங்கும், தொங்கட்டும். நிற்கும் சினூக்கின் பிளேடுகளைப் பாருங்கள், நுனி நன்றாகத் தாழ்ந்திருக்கும். விறைப்பாக நேராக நின்றால்தான் பொம்மை மாதிரித் தெரியும்.

கட்டும் முறை இது. கீழ் அடுக்கில் 2×16ம் 2×8ம், மேல் அடுக்கில் முதலில் 2×8, பிறகு 2×16. இரண்டு அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வராது. அதன்மேல் டைல், டைலின் மூட்டும் மற்ற இரண்டிலிருந்து விலகட்டும். ஹப்புக்கு மூன்று ஆக்சில் கிளைகள் கொண்ட டெக்னிக் பாகம் இருக்கிறது, 120 பாகை அதிலேயே வந்துவிடும். கிளையையும் பிளேடையும் டெக்னிக் பின் (இணைப்பு ஆணி) போட்டு இணையுங்கள், ஸ்டட்டால் இணைத்தால் வேகமாகச் சுற்றும்போது கழன்று பறக்கும்.

அதே பின்னைக் கழற்றினால் பிளேடும் தனியாக வந்துவிடும். உங்கள் மாதிரி ரோட்டார் நுனி முதல் நுனி வரை 75 செ.மீ. வரும், அப்படியே எந்தக் காரிலும் ஏறாது. அட்லாண்டிக் கன்வேயரில் ஏற்றியபோதும் சினூக்குகளின் பிளேடுகளைக் கழற்றித்தான் வைத்தார்கள். ஒவ்வொரு பிளேடின் அடியிலும் முன், பின் என்று குறித்து எண் போட்டு வையுங்கள். கண்காட்சி மேசையில் திரும்பக் கோக்கும்போது, பல்சக்கரம் சொன்ன வால் நிலையில் இரண்டு ரோட்டாரும் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அப்புறம் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம்.